லிஃப்ட் அக்காவின் உதடுகள்

லிஃப்டின் கதவு மூடியதுமே அக்காவின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். அவரிடமிருந்து சத்தம் வராது. அது தலைக்கு மேலே ஒலிபெருக்கியிலிருந்து வரும்: "த டோர்ஸ் வில் ஓபன் ஷார்ட்லி." கதவுகள் சற்று நேரத்தில் திறக்கும். குரலுக்கும் உதட்டுக்கும் இம்மி பிசகாது. புதிதாகக் குடிவந்தவர்கள் இதைப் பார்த்தால் அடுத்த முறை படியேறியே போகிறார்கள்.

குரல் அக்காவுடையதுதான். இந்த லிஃப்டைச் செய்த கம்பெனியில் போன் எடுத்துப் பேசும் வேலையில் இருந்தபோது, இங்கிலீஷ் தெளிவாகப் பேசுகிறார் என்று ஒலிப்பதிவு அறையில் உட்காரவைத்தார்கள். "முழு வாக்கியமா சொல்லாதீங்கம்மா. துண்டு துண்டா சொல்லுங்க, மெஷின் கோத்துக்கும்" என்றார் பதிவு செய்தவர். அக்கா இனி நடக்கப்போவதையெல்லாம் ஒருபுறம் சொன்னார்: வில் ஓபன், வில் ஸ்டாப், வில் நாட் மூவ். அது எப்போது, எப்படி நடக்கும் என்பதற்கு ஷார்ட்லி, ஸ்லோலி. இரண்டையும் முடிச்சுப்போட வென், அன்டில். பூ தனி, நார் தனி, தொடுத்தது இயந்திரம்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் குரல் போய்விட்டது. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு இப்போது நாலு வயது. அக்கா கை தட்டிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதே இல்லை. லிஃப்ட் சொன்னால் மட்டும் மறுபேச்சில்லை. கதவு திறந்ததும் கூரையைப் பார்த்து, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவரை அக்கம்பக்கத்தில் சீண்டுவார்கள்: "உங்க வீட்டம்மா பேச்சைக் கட்டடமே கேக்குது. நீங்கதான் கேக்கறதில்ல!"

ஒரு மத்தியானம் மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. அக்காவும் மகளும் உள்ளே இருக்க, இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது. அக்காவின் குரல் நிதானமாகச் சொன்னது: "த டோர்ஸ் வில் நாட் ஓபன்... அன்டில் யூ... ஸ்லோலி..." கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும், "அன்டில் யூ..." நீங்கள் மெதுவாக ஏதோ செய்யும்வரை கதவுகள் திறக்காதாம்.

கூட இருந்த எதிர்வீட்டுக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதையும் நீங்கதான் சொன்னீங்களாக்கா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினார். அந்த வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் சொன்னதே கிடையாது. மகள் மட்டும் கூரையைப் பார்த்து, "ஸ்லோலியா என்னம்மா பண்ணணும்?" என்று கேட்டாள்.

உதடசைவு அன்றைக்குத் தொடங்கியது. தன் குரல் தனக்குத் தெரியாமல் இன்னொரு வாக்கியத்தைத் தொடுத்துவிடக் கூடாதென்று அப்படி ஒரு காவல்.

போன வாரம் கணவர் ஒரு பெட்டியோடு வந்தார். "லிஃப்ட்ல பேசற பழைய போர்டு செத்துக்கிட்டிருக்கு. இதுல வேற யாரோ ஒரு பொண்ணு பேசுது." பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றார். "பாப்பாகிட்ட என்னன்னு சொல்றது? அம்மா போயிட்டாங்கன்னா?"

அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

நேற்றுக் காலை மூவரும் புதிய குரலோடு கீழே இறங்கினார்கள். இளங்குரல், பளிச்சென்று: "த டோர்ஸ் வில் ஓபன் ஷார்ட்லி." மகள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா எங்கப்பா?" கதவு திறந்தது. அவள் நகரவில்லை. கதவு மூடிக்கொண்டது. கணவர் மறுபடி பொத்தானை அழுத்தினார்.

அக்கா குனிந்து மகளின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனார். அந்த அந்நியக் குரல் சொல்லச் சொல்ல, இம்மி பிசகாமல் உதடசைத்தார்.

மகள் ஒரு விரலால் அந்த உதட்டைத் தொட்டாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.