பொன்னுவேலைக் கொன்ற அத்தியாயம்

என் நாத்தனார் காயத்ரிக்கு வயது இருபத்தாறு. அவள் உலகத்தை அழித்து மூன்று வருஷமாகிறது. ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் மிளகு, காபித்தூள், தைலம் விற்கிற எங்கள் கடையில், கல்லாவில் உட்கார்ந்தபடியேதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். போனில் கதை எழுதிப் போடுகிற செயலி ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ஞாயிறுதோறும் ஓர் அத்தியாயம். படிக்கிறவர்கள் முக்கால்வாசி பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

கதை இதுதான். கீழே சமவெளியில் வெயில் ஏறி ஏறி மனுஷர் வாழ முடியாமல் போய்விடுகிறது. சேலத்தில் ஒரு விளக்கும் எரிவதில்லை. மலைமேல் ஹாஸ்டலில் விட்ட பிள்ளைகளைக் கூட்டிப்போக அப்பா அம்மாக்கள் வரவே இல்லை. யாழி என்கிற பதினைந்து வயதுப் பெண், அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஊரையே நடத்துகிறாள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் காவல். கடைசி வளைவில் ஒரு பெரிய மரக்கதவு.

இந்த உலகத்துக்கு வேண்டியதையெல்லாம் அவள் சேகரித்தது எங்கள் கடை வாசலில்தான். காபித்தூள் வாங்க வந்தவரைப் பிடித்து, "அண்ணா, உலகம் அழிஞ்சுட்டா உங்க ஊட்டுல முதல்ல என்ன தீர்ந்து போகும்?" என்று கேட்பாள். ஓர் அம்மா பயந்துபோய் ஒன்றும் வாங்காமலே இறங்கிவிட்டார். "வாசலுக்கு வந்த மகாலட்சுமியை இப்படித் திருப்பி அனுப்பறியேடி, நீ உருப்படுவியா?" என்று நான் கத்துவேன். ஜீப் ஓட்டுகிற சதீஷ் மட்டும் உட்கார்ந்து யோசித்து, "உப்புங்க. மலையில எல்லாம் வெளையும், உப்பு வெளையாது" என்றான். அவள் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டுமே! உப்பு தேடி யாழியின் ஆட்கள் மலை இறங்குகிற அத்தியாயம் அப்படித்தான் வந்தது. நானும் திட்டிக்கொண்டேதான் படித்தேன். படித்த சுவாரசியத்தில் குழம்புக்கு உப்புப் போட மறந்து, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஊர்க்காரர்களில் பெயர் மாற்றாமல் அவள் கதைக்குள் வைத்தது பொன்னுவேல் அண்ணனை மட்டும்தான். பக்கத்து மலைக்கிராமமான கொட்டச்சேட்டில் மிளகும் சாமையும் போடுகிறவர். எங்கள் கடை மிளகு அவருடையது. "என் பேரையே போடு கண்ணு" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கதையில் அவர் விதைச்சாமையைக் கட்டிக்காக்கிற தாத்தா. பிள்ளைகளுக்கு யாழியைவிட அவரைத்தான் பிடிக்கும்.

போன வருஷம் மழைக்கு முன்னால், நிஜமான பொன்னுவேல் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. இருதயத்தில் அடைப்பு, இந்த வாரமே வந்து படுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று சேலத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், வாசலில் நின்றவர் தலையில் ஒரு காக்கை தட்டிவிட்டுப் பறந்துபோனது. வந்தது வினை.

காக்கை தலையில் தட்டினால் சாவு தேடி வரும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம். அதற்குப் பரிகாரமும் உண்டு. ஆள் செத்துப்போனதாகச் சொந்தக்காரர்களுக்குச் சேதி அனுப்ப வேண்டும். அவர்கள் அழ வேண்டும். வர இருந்த சாவு அந்த அழுகையோடு கழிந்துவிடும். பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். "எனக்குன்னு ஆராச்சும் அழுவாம நான் இந்த மலையை உட்டு எறங்க மாட்டனுங்க" என்று அண்ணன் உட்கார்ந்துவிட்டார். மகன் மாதேஷ் தூக்கிப் பார்த்தான். அவர் கட்டில் காலைக் கட்டிக்கொண்டாராம்.

அவர் மனைவி ஆராயி அக்கா சும்மா இருப்பாளா? அண்ணனின் தங்கை கலாவுக்குப் போன் போட்டு, "உங்கண்ணன் போயிட்டாரு கலா" என்றாள். கலாவுக்குச் சந்தேகம். உடனே அண்ணன் போனுக்கு அடித்தாள். நம்ம ஆள் பழக்க தோஷத்தில் எடுத்து, "அலோ, சொல்லு கலா" என்றார். போச்சு! கலா அழவில்லை, போன் சுடுகிறவரைக்கும் திட்டினாள். பங்காளிகளின் வாட்ஸப் குழு முழுக்க அதே சிரிப்பு. இனி இவர் நிஜமாகவே செத்தாலும் ஒருத்தரும் நம்பப் போவதில்லை.

மறுநாள் ஆராயி அக்கா கடையில் வந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகி, சண்டைக்கு வந்தவள் மாதிரி.

"காயத்ரி, உன்ற கதையில இவரைக் கொன்னுரு கண்ணு. படிக்கற புள்ளைக அழுவட்டும்."

காயத்ரி ஆடிப்போனாள். "அவர் போயிட்டா விதைய யார்க்கா பார்ப்பாங்க? என் உலகமே நிக்காது."

"உன்ற உலகம் முன்னாடியே அழிஞ்சதுதான சாமி? என்ற உலகம் இன்னும் இருக்குதே."

காயத்ரி போனைக் கையில் எடுத்தாள். மதியத்துக்குள் எழுதிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். மழையில் எந்த வளைவு சரிந்தது, மருந்து ஏன் வேலை செய்யவில்லை, உடலை எந்தப் பாதையில் தூக்கிவந்தார்கள், எல்லாம் கச்சிதம். எனக்குக் கொட்டாவி வந்தது.

"இது சாவா, பஞ்சாயத்துத் தீர்மானமா?" என்றேன்.

"என் உலகத்துல ஒரு தப்பு காட்டுங்க அண்ணி, பார்க்கலாம்!"

"தப்பே இல்லை. அழுகையும் இல்லை."

சோறுகூடத் தின்னாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் எழுத்தைப் படித்து எல்லாரும் 'ஆகா' என்றிருக்கிறார்கள், ஒருத்தரும் அழுததில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வாயை நானே கிள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் நேராகப் பஸ் ஏறிக் கொட்டச்சேட்டுக்குத்தான் போயிருக்கிறாள். ஆராயி அக்கா மிளகு உலர்த்திக்கொண்டிருந்தாளாம். எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை இவள் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருக்கிறாள்: "அண்ணன் இல்லாட்டி இந்த ஊட்டுல முதல்ல என்னக்கா மாறும்?"

அக்கா நிமிராமலே சொன்னாளாம். "ஒண்ணும் மாறாது கண்ணு. பொழுது சாஞ்சா கதவை எப்பச் சாத்தறதுன்னு தெரியாது, அவ்வளவுதான். இவரு வந்தப்பறம் சாத்தியே பழக்கம்."

ஞாயிற்றுக்கிழமை கடையில் எல்லாரும் கூடிவிட்டோம். பொன்னுவேல் அண்ணன் ஸ்டூலில், ஆராயி அக்கா மிளகு மூட்டைமேல், சதீஷ் ஜீப்பை வாசலிலேயே நிறுத்திவிட்டு. நான்தான் வாசித்தேன். கதையில் தாத்தா எப்படிச் செத்தார் என்பது இரண்டே வரி. மிச்சமெல்லாம் கடைசி வளைவுக் கதவு. தினமும் தாத்தா காட்டிலிருந்து வந்தபிறகுதான் யாழி கதவைச் சாத்தச் சொல்வாள். அன்றைக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. பிள்ளைகள் கதவைப் பிடித்தபடி நிற்கிறார்கள். சாத்தச் சொல்ல யாழிக்கு வாய் வரவில்லை.

வாசித்து முடித்தேன். போனில் பிள்ளைகளின் கருத்துகள் சரசரவென்று வந்து விழுந்தன. போர்வைக்குள் தேம்புகிறேன் என்று ஒருத்தி. தாத்தாவைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒருவன். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பொன்னுவேல் அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் கதைத் தாத்தனுக்கு அழுவறதுங்க. எனக்குன்னு ஆரு அழுதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போனை ஓங்கிவிட்டேன். அப்போது மூட்டைப் பக்கமிருந்து ஒரு சத்தம். ஆராயி அக்கா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

அண்ணன் பதறி எழுந்தார். "ஏ ஆராயி, நாந்தான் உன்ற முன்னாடியே நிக்கறனே!"

"தெரியுதுங்க... தெரிஞ்சும் அழுகை நிக்க மாட்டீங்குதே. இன்னும் எத்தனை நாளைக்கு நான் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காரோணும்?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சதீஷு, ஜீப்பை எடு சாமி" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஏறி உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டி, "கண்ணு, கதையில என்னைய மறுக்கா எழுப்பீராதே! செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும்" என்று காயத்ரியிடம் கத்திவிட்டுப் போனார். அவள் என் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

அடைப்பை எடுத்து, ரத்தக்குழாய்க்குள் வலை வைத்து அனுப்பினார்கள். மழை விட்டபோது அண்ணன் பழையபடி மிளகோடு வந்து இறங்கினார். பிள்ளைகள் விடவில்லை, தாத்தா வராவிட்டால் படிக்க மாட்டோம் என்று பாதிப் பேர் போயே போய்விட்டார்கள். கடைசியில் செயலிக்காரர்களே போன் செய்து, எப்படியாவது அவரைப் பிழைக்க வையுங்கள், இரண்டாம் பாகம் பிய்த்துக்கொண்டு போகும் என்று கெஞ்சினார்கள்.

"வேற எதை வேணாலும் கேளுங்க, செய்யறேன். சேலத்துக்கே உயிர் குடுக்கச் சொன்னாலும் குடுக்கறேன்" என்றாள் காயத்ரி. "அந்த மனுஷனை மட்டும் எழுப்ப மாட்டேன்."

கடைக்குள் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த பொன்னுவேல் அண்ணன், "அப்படிச் சொல்லு கண்ணு!" என்றார்.