கட்சால் கஷாயமும் கேப்டன் எலியும்

எங்கள் குடும்பத்தில் ஒரு காலத்தில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். ஒருத்தி சித்தி, அப்பாவின் தம்பி மனைவி. போர்ட் பிளேரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், எந்த மூலிகை மருந்து, எது விஷம், எந்த அளவு வரைக்கும் மருந்து என்று சோதித்து முனைவர் பட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள். இன்னொருவர் மாமா, அம்மாவின் தம்பி. அதே ஊரின் டாலிகஞ்ச் பகுதியில் ஆட்டோ ஓட்டினார். எந்த இலையைப் பார்த்தாலும் முதலில் மென்றுவிட்டு, அப்புறம்தான் அது என்ன என்று விசாரிப்பார்.

மாமாவின் கண்டுபிடிப்பு மூட்டுவலிக் கஷாயம். அம்மாவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. சுனாமிக்குப் பிறகு மாமா போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார். பெரியமாமா இன்றும் அங்கேதான். தோட்டத்து ஓரத்தில் படரும் ஒரு கொடியின் இலையை அவர் சாக்கில் கட்டிக் கப்பலில் அனுப்புவார். சாக்குக்குக் கப்பலில் எப்போதும் இடம் கிடைத்தது, எங்களுக்குத்தான் கிடைக்காது. ஒவ்வொரு மே மாத விடுமுறைக்கும் அப்பா விடியலிலேயே போய் டிக்கெட் கவுன்டர் வரிசையில் நிற்பார், 'ஃபுல்' என்ற ஒரு சொல்லோடு திரும்புவார். நான் அதுவரை கட்சாலைப் பார்த்ததே இல்லை.

அந்தக் கஷாயத்தை அம்மா தினமும் குடித்து வந்தாள். முழங்கால் வலி குறைந்ததாகவும் சொன்னாள். சித்திக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன இலைன்னே தெரியாம டெய்லி குடிக்காதீங்கக்கா. ஈரலைப் பிடிச்சுட்டா என்ன பண்றது?"

"அரே, நானும்தானே குடிக்கிறேன் தங்கச்சி. செத்தா போயிட்டேன்?" என்றார் மாமா.

"நீங்க ஒருத்தர் சாகலைங்கிறது ரிசல்ட் இல்லண்ணே."

"சரி, டெஸ்ட் பண்ணிருங்க. பாஸாயிருச்சுன்னா லேபிள் ஒட்டி ஷாதிபூர்லயே கடை போட்டுருவேன். பக்கா."

சித்தி தன் ஆய்வு வழிகாட்டியிடம் பேசி அனுமதி வாங்கினாள். முடிவு வரும்வரை குடிக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. அம்மா தலையாட்டினாள். மாமா வந்தால் அவர் எதிரில் ஒரு டம்ளர் குடித்தாள், சித்தி வந்தால் அதே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டையும் அந்த ஒரு டம்ளரை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்தாள்.

சோதனை எலிகள் மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வந்தன. அவற்றைக் கவனித்துக்கொண்டிருந்த வங்காளி பையா துர்கா பூஜைக்கு லீவு போட்டதும், ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியே போய்த் தீனி வைக்க வேண்டியதாயிற்று. தீனி மூட்டை தூக்க மாமாவின் ஆட்டோ. ஆட்டோவில் இடம் இருந்ததால் நான்.

வெள்ளை எலிகளை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒரு கூண்டு வரிசைக்கு இலைச்சாறு, இன்னொரு வரிசைக்கு வெறும் தண்ணீர். தண்ணீர் குடிக்கும் எலிகள் எதற்கு என்று கேட்டேன். "ஒப்பிட்டுப் பார்க்கத்தான். இல்லாட்டி எந்த மாற்றம் இலையால வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்றாள் சித்தி. அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இன்றைக்கு நான் மெயின்லேண்டில் மருந்தியல் படிக்கிறேன் என்றால் அதற்கு விதை போட்ட வாக்கியம் அதுதான்.

தண்ணீர் வரிசையில் ஒன்று, வாலில் ஊதாக் கோடு போட்டது, பின்னங்கால்களில் எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தது. கப்பல் முகப்பில் நிற்பவரைப் போல இருந்ததால் கேப்டன் என்று பெயர் வைத்தேன். தண்ணீர்தானே குடிக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது என்ற நிம்மதி வேறு.

சித்தி எடை போடும் தராசை எடுக்க அடுத்த அறைக்குப் போனாள். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே தேங்காய்ச் சில்லு. இலைச்சாறு குடிக்கும் எலிகளின் கூண்டுகளில் மட்டும் கம்பி இடுக்கு வழியாகப் போட்டுக்கொண்டே போனார்.

"கேப்டனுக்கும் போடுங்க மாமா."

"அவன் எதிர்க்கட்சி, புள்ள. நம்ம ஆளுங்க கொழுகொழுன்னு இருந்தாத்தானே பாஸாகும்?"

எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. பரீட்சைக்கு முன்னால் அம்மா எனக்கு முட்டை அவித்துக் கொடுப்பாளே, அது மாதிரி. பூஜை லீவு முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் தேங்காய் போனது.

இலைச்சாறு குடித்த எலிகள் எடை கூடியதைப் பார்த்து சித்தி முதலில் ஆச்சரியப்பட்டாள். பிறகு கூண்டுக்குள் உமியைக் கிளறியபோது தேங்காயின் பழுப்புத் தோல் ஒன்று கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"இது என்னண்ணே?"

"தேங்கா. நாமளும்தானே திங்கிறோம்?"

"மொத்த செட்டும் வேஸ்ட். இனி எது இலையால, எது தேங்காயால? புது எலி வரணும். மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் அக்கா..." சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கவிழ்த்து வைத்த டம்ளரைப் பார்த்தாள்.

எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. வேஸ்ட் என்றால் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? "அப்ப கேப்டனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா சித்தி?" சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன்.

புது எலிகள் வந்தன. இம்முறை மாமாவுக்கு வாசல்வரைதான் அனுமதி. ஆட்டோவிலேயே உட்கார்ந்து, உள்ளே போய்வரும் சித்தியிடம் "நம்ம ஆளுங்க எப்படி?" என்று கேட்பார். "நல்லாத்தான் ஓடுதுங்க" என்பாள். மாமா ஷாதிபூரில் கடைக்கு இடம்கூடப் பார்த்துவிட்டார். அம்மா தொடர்ந்து குடித்தாள்.

ஒரு சாயங்காலம் சித்தி வந்தாள். மாமாவும் இருந்தார். காப்பி வேண்டாம் என்றாள்.

"ரிசல்ட் வந்துருச்சுண்ணே. கடை வேண்டாம்."

"எலி செத்துருச்சா?"

"ஒண்ணுகூடச் சாகல. கடைசி வரைக்கும் துள்ளிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா அளவு கூடக்கூட ஈரல் கெட்டிருக்கு. தண்ணி குடிச்சதோட ஈரல் சுத்தமா இருக்கு."

அம்மா எழுந்து போய்க் கஷாயப் பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. தம்பி எதிரிலேயே அதைச் செய்தாள். (மறுநாள் சித்தி அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தத்தில் பயப்படும்படி எதுவும் இல்லை. முழங்கால் வலி மட்டும் திரும்பி வந்துவிட்டது.)

மாமா விடவில்லை. "துள்ளிக்கிட்டு இருக்கிற எலியோட ஈரல் உங்களுக்கு எப்படித் தங்கச்சி தெரியும்?"

சித்தி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மாமாவும் என்னைப் பார்த்தார். கடை வேண்டாம் என்றபோதுகூட வாடாத முகம், அப்போது வாடியது.

"தண்ணி குடிச்சதுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லாமேதான். பழைய செட்டும்."

"பாஸானாலுமா?"

சித்தி ஆமாம் என்று தலையசைத்தாள்.

இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்றே எனக்குப் பிடிபடவில்லை. பழைய செட் என்றதும் கேப்டன் ஞாபகம் வந்தது. "அப்ப கேப்டன் எங்க சித்தி?" என்று கேட்டேன்.

சித்தி வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "கட்சாலுக்கு அனுப்பியாச்சு புள்ள. கப்பல்ல. பெரியமாமா பார்த்துக்குவார். தோட்டத்துல நிறைய இடம் இருக்கில்ல?"

"எல்லா எலியையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஆட்டோ கிளம்பும் சத்தம் வெகுநேரம் வரவில்லை. அம்மா முந்தானையால் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். சித்தி என் தலையைத் தடவினாள். என் கவலை வேறு. ஒவ்வொரு மே மாதமும் அப்பா விடியலில் வரிசையில் நின்றும் எங்களுக்குக் கிடைக்காத டிக்கெட், அத்தனை எலிகளுக்கும் ஒரே கப்பலில் எப்படிக் கிடைத்தது என்பதுதான் எனக்கு அன்றைக்குப் புரியவே இல்லை.