ஒரு மூடி

சொன்ன சொல்லைக் கேட்டவன் வேறாகப் புரிந்துகொண்டால் பிழை யாருடையது? டயர் கடை லூர்துராஜை இரண்டு வருடமாக இந்தக் கேள்வி விடவில்லை.

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில் அவர் கடை. கரும்பு டிராக்டர்கள்தான் பிழைப்பு. ரிம்மை விட்டு விலகிய டயரை மறுபடி உட்கார வைக்க அவருக்கு இரண்டு வழி தெரியும். டயரைச் சுற்றிக் கயிறு கட்டி, கடப்பாரை செருகி முறுக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடிப்பது ஒன்று, அரைமணி ஆகும். உள்ளே துளி பெட்ரோல் விட்டுக் கொளுத்துவது இன்னொன்று. டப்பென்று உட்கார்ந்துவிடும். அவர் கைக்கு அது ஒருநாளும் பிசகியதில்லை. அதைத் திறமை என்று நினைத்திருந்தார்.

அரவைக் காலத்தில் ஒரு நாள் இருசப்பன் போன் செய்தான். மலைமேல் கரியாலூரிலிருந்து மரவள்ளி ஏற்றிவரும் வண்டிக்காரன்.

"அண்ணே, வளைவுல டயரு ரிம்ம வுட்டு வந்துகினு நிக்குது. கால் பம்பு அடிச்சா காத்து பூரா வெளிய போவுது. இன்னா பண்றது?"

கடை வாசலில் ஏழு டிராக்டர் நின்றன. கயிறு இருக்கிறதா என்று லூர்துராஜ் கேட்கவில்லை. மூட்டை கட்டிய வண்டியில் கயிறா இருக்காது?

"ஒரு மூடி பெட்ரோல உள்ள சுத்தி வுட்டு, தள்ளி நின்னு கொளுத்துப்பா."

"அவ்ளோதானா? இதுக்கா உன்ன டயர் டாக்டருன்றாங்க?"

இருவரும் சிரித்தார்கள்.

அவர் நினைத்தது தண்ணீர் பாட்டில் மூடி. இருசப்பன் கையில் இருந்தது பெட்ரோல் கேன். அதன் மூடி சின்னக் கிண்ணம் மாதிரி. டயர் வெடித்து அவன் இடது கண் போயிற்று.

ஆஸ்பத்திரியில், "உம்மேல இன்னாண்ணே தப்பு? நாந்தான் பெரிய மூடியா அளந்துட்டேன்" என்றான். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். கயிற்றைப் பற்றி அப்போதும் லூர்துராஜ் வாய் திறக்கவில்லை.

அதன்பின் அவர் டயருக்குத் தீ வைப்பதில்லை, எதற்கும் கயிறுதான். "நீ ஒக்கார வெக்கறதுக்குள்ள கரும்பு காஞ்சி வெறகாயிடும்" என்று டிராக்டர்காரர்கள் கேலி செய்தார்கள்.

போன மாசியில், அரவை நடந்துகொண்டிருக்கும்போதே, கடையைக் காலி செய்து கம்ப்ரசரை மலைக்கு ஏற்றினார். இருசப்பன் வீட்டுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டார்.

"நாலு வண்டி போற ரோட்ல யாருக்குங்க காத்தடிக்கப் போறீங்க?" என்றாள் மனைவி ரீத்தா.

முதலில் வந்தது ஒரு ஜீப் டயர். கம்ப்ரசர் காற்றுக்கே உட்கார்ந்துவிடும். இருசப்பன் வேடிக்கை பார்க்க வந்து நின்றான். லூர்துராஜ் கம்ப்ரசரைத் தொடவில்லை. கயிற்றை எடுத்து, அவன் கண்ணெதிரே, டயரைச் சுற்றிக் கட்டி மெதுவாக முறுக்கத் தொடங்கினார்.