கானமயிலுக்குப் பூக் கேட்ட கதை

எங்கள் வீட்டில் மயிலுக்கு மரியாதை கிடையாது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தக்காளிக் காடு. பழம் சிவக்கத் தொடங்கினால் போதும், மயில்கள் கூட்டமாக வந்து இறங்கிவிடும். ஒவ்வொரு பழத்திலும் ஒரு கொத்து. எடுத்ததை முழுதாகத் தின்னும் நல்ல பழக்கம் அவற்றுக்கு இல்லை. தகரத்தைத் தட்டிக்கொண்டு அப்பா வரப்பில் ஓடும் சத்தத்தில்தான் நான் தினமும் கண்விழிப்பேன். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போய்க் கானமயிலைப் பார்க்கப் போகிறேன் என்றாள் அத்தை.

“இங்க மயிலைத் தொரத்தி மாளல. நீ ரயிலேறிப் போயி மயிலைப் பாக்கறயாக்கும்?” என்றார் அப்பா.

கானமயில் மயிலே இல்லை என்று அத்தை பொறுமையாக விளக்கினாள். இடுப்பு உயரம் இருக்குமாம், புல்வெளியில் பெரிய மனுஷன் மாதிரி நடக்குமாம், உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம். “ஒரு காலத்துல நம்ம பக்கத்து மேய்ச்சக் காட்டுலயே திரிஞ்சுதாமாங்கண்ணா” என்றாள். அப்போதும் அது தக்காளியைத்தான் தின்றிருக்கும் என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி ஈரோட்டில் சில வருடங்கள் இருந்தவள், கோர்ட்டில் பிரிந்து எங்கள் வீட்டுக்கே திரும்பியிருந்தாள். வந்த புதிதில் அறையை விட்டு வெளியே வரமாட்டாள். விசேஷ வீடுகளுக்குப் போகமாட்டாள். போனால் யாராவது விசாரிப்பார்கள். ஒருநாள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள், தென்னை மட்டையில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு பச்சைக் குருவியைப் பார்த்தபடி நின்றாள். வெகுநேரம் இறங்கவே இல்லை. பிறகு வீட்டுக்கு ஒரு பைனாகுலர் வந்தது. அதன் பின்னாலேயே வாட்ஸ்அப்பில் ஒரு குழு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர் குளக்கரைகளில் கூடிப் பறவை பார்க்கிறவர்கள். அவர்களோடு பேசும்போது மட்டும் அத்தையின் குரல் எனக்குத் தெரிந்த பழைய குரலாக இருக்கும். மார்கழியில் ராஜஸ்தான் போவதென்று முடிவு செய்தது அவர்கள்தான்.

அதன்பிறகு எங்கள் ஹாலில் தினமும் மாலை மாநாடு நடந்தது. பவானி ஜமுக்காளத்தின் மேல் அத்தை ஒரு பெரிய வரைபடத்தை விரிப்பாள். நாலு மூலையிலும் நாலு தக்காளி வைத்து அது சுருண்டுகொள்ளாமல் பார்ப்பது என் வேலை. முதலில் பாலைவனம், ஜெய்சல்மேர் பக்கத்துப் புல்வெளியில் கானமயில். பிறகு மலை, திரும்பும் வழியில் அபு மலையில் ஏறிப் பச்சை முனியா என்ற குருவி. பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மா மோர்மிளகாயும் நன்னாரி சர்பத்தும் எடுத்து வைத்தாள். அங்கே மார்கழி விடியலில் வாயைத் திறந்தால் புகை வரும் என்று அத்தை சொன்னதும், பீரோவின் அடியிலிருந்து அப்பாவின் ஊட்டி ஸ்வெட்டர் வெளியே வந்தது. சர்பத்தும் திரும்பிப் போகவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னைக் கூட்டிப் போக மாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் பாதிப் பயணத்தை அந்த ஜமுக்காளத்திலேயே போய்வந்துவிட்டேன்.

கெடுத்தது ஒரு கல்யாணப் பந்தி. பங்காளி வீட்டுப் பெரியப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி, “ஏம்ப்பா, உன்ற தங்கச்சி கண்டவங்களோட குருவி பாக்கப் போறாளாமா?” என்றார். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, “அவ எங்கயும் போவலீங்கண்ணா” என்று சொல்லிவிட்டார். பங்காளிகள் நடுவில் சொன்ன வார்த்தை. அதைத் திரும்ப எடுப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னார். அத்தை வரைபடத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். தக்காளிகள் ரசத்துக்குப் போயின. எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த வாரம், கானமயில் எப்படி ஆடும் என்று கேட்டு நான் அத்தையை நச்சரித்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவள், கடைசியில் ஒரு துண்டைச் சுருட்டித் தாடைக்கடியில் செருகிக்கொண்டாள். ஆண் பறவை கழுத்துப் பையை உப்பிக்கொண்டுதான் பெண்ணைக் கூப்பிடுமாம். நெஞ்சை நிமிர்த்தி, சேலைத் தலைப்பை வாலாகத் தூக்கிப் பிடித்து, “பூம்” என்று சத்தம் கொடுத்தபடி ஹாலைச் சுற்றி வந்தாள். அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். நான் தரையில் புரண்டேன். அத்தைக்கும் சிரிப்பு வந்து, நிற்க முடியாமல் அப்படியே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் திரும்பி வந்தபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

நிமிர்ந்தால் வாசலில் அப்பா, கையில் தகரத்தோடு. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் பின்பக்கம் போய், வெகுநேரம் கால் கழுவினார். சாப்பிடும்போது அம்மாவைப் பார்த்து, “அந்தக் கூட்டத்துல பொம்பளைங்களும் வாராங்களா?” என்றார். வருகிறார்கள் என்றாள் அம்மா. கடைசிச் சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டே, “அம்மாவாசைக்குக் கருப்பராயங்கிட்டப் பூக் கேட்டுப் போடலாம்” என்றார்.

கிணறு வெட்டுவதானாலும் பெண் கொடுப்பதானாலும் எங்கள் பக்கத்தில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெளியே தெரியாமல் இலையில் சுற்றிச் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஆனால் பறவை பார்க்கப் போகலாமா என்று கருப்பராயனை யாரும் அதுவரை கேட்டதில்லை.

அமாவாசையன்று அப்பா பெரியப்பாவையும் வரச்சொல்லியிருந்தார். பொட்டலம் கட்டுவது கோயிலில் பூசை செய்யும் பண்டாரத்தின் வேலை. அவருக்கு எதற்குச் சிரமம் என்று அப்பா அன்றைக்கு வீட்டிலிருந்தே கட்டி எடுத்து வந்துவிட்டார். எடுக்க வேண்டிய குழந்தை நான். அம்மா என் காதோரம், “நல்லாக் கும்பிட்டுப் போட்டு எடு சாமி” என்றாள். அத்தை தூணோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஒரு பொட்டலத்தின் மேல் எறும்பு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. எறும்புக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று முடிவு செய்து அதை எடுத்தேன்.

பண்டாரம் பிரித்தார். வெள்ளை!

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பண்டாரம் அடுத்த பொட்டலத்தின் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் அப்பா அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “சாமியே சொல்லிப்போட்டாரு. இனி நாம பேசறதுக்கு என்னங்கண்ணா இருக்குது?” என்று பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா திருநீற்றைப் பூசிக்கொண்டு, “போயிட்டு வரட்டும்” என்றார்.

அத்தை போனாள். ஸ்வெட்டரும் சர்பத்தும் போயின. அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். வெகுதூரத்தில் காய்ந்த புல்லுக்குள் ஒரு புள்ளி நகர்கிறது; அத்தை மூச்சை அடக்கிக்கொண்டு, “அண்ணா, தெரியுதுங்களா?” என்று கிசுகிசுக்கிறாள். மயில் மாதிரியே இல்லையே என்று சொல்லிக்கொண்டு அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இப்போது ஒவ்வொரு மார்கழியிலும் அந்தக் குழுவை அழைத்துப் போவது அத்தைதான். பெரியப்பாவின் பேத்தியும் போன வருடம் போய்வந்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அமாவாசைக்கு மறுநாள் நடந்ததை. துவைக்கும் கல்லருகே அம்மா அப்பாவின் சட்டையை உதறியபோது, பையிலிருந்த இலைப் பொட்டலம் பிரிந்து வாடிய வெள்ளை அரளி உதிர்ந்தது. நான் அதைப் பொறுக்கிக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். கோயிலில் நான் எடுத்த பூவை அவள் பைனாகுலர் உறைக்குள் ஏற்கெனவே வைத்திருந்தாள். அத்தை என் கையிலிருந்த பூவையே பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக, தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் ஓடிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். இந்தப் பூவையும் அந்த உறைக்குள்ளேயே வைத்து மூடினாள். நல்ல சகுனம், ஒன்றுக்கு இரண்டாகப் பூ இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். எறும்பைப் பார்த்துச் சரியாக எடுத்த என் கைராசியைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொள்ள ஓடினேன்.