அன்புராஜின் தோள்

அன்புராஜுக்குக் கம்பெனியில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. சிப்காட்டில் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாம் நாள் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு எளாவூரில் பஸ் ஏறி, கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த என் பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவான். பெண் பார்க்கப் போகிறவன் தோற்றான் போங்கள். வருவது பெனால்டி கிக் அடிக்க. அதுவும் கம்ப்யூட்டரில்.

எதிராளி பழவேற்காட்டு அமீருதீன். அவன் அத்தாவுக்கு அங்கே வலைக்கயிறு கடை. இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கீபோர்டு. ஒருவன் பந்தை உதைப்பான், மற்றவன் கோல் காப்பான். முழங்கைகள் இடிக்கும், கத்தல் ரயில்வே கேட் வரை கேட்கும். நான் அதட்டினால் ஒரு நிமிஷம் அடங்குவார்கள்.

ஜெயிப்பது எப்போதும் அமீர்தான். காரணம் சென்டரில் எல்லோருக்கும் தெரியும், அன்புராஜைத் தவிர. இடப்பக்கம் அடிக்கப் போகிறான் என்றால் அவனுடைய இடது தோள் முன்னாடியே இறங்கிவிடும்; வலப்பக்கம் என்றால் வலது தோள். அமீர் திரையைப் பார்ப்பதே இல்லை, தோளைத்தான் பார்ப்பான். சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு அரிக்கும். இரண்டு பேர் ஆட்டத்தில் மூன்றாமவள் வாய் எதற்கு என்று அடக்கிக்கொள்வேன்.

இரண்டாயிரத்து ஏழில் அமீர் குவைத்துக்கு வேலைக்குப் போனான். அங்கேயும் வெள்ளிதான் லீவு. அதே மாதிரி ஆட்டம் இன்டர்நெட்டிலும் இருந்தது. அவன் அங்கிருந்து, இவன் இங்கிருந்து. அன்புராஜ் ஜெயித்தான். அடுத்த வாரமும் ஜெயித்தான். ஐந்தாவது வாரம் ஜெயித்துவிட்டு, இழவு வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி என் மேஜைக்கு வந்து நின்றான்.

"இன்னாப்பா, ஜெயிச்சவன் மூஞ்சியா இது?"

"அவன் வேணும்னே வுட்டுக்குடுக்குறான் ரமீஸாக்கா. நான் ஊர்ல தனியா கெடக்குறேன், பாவம்னு நெனைக்கிறான் போல. சண்ட போடுறதில்ல, கத்துறதில்ல. 'சூப்பர்டா'ன்னு டைப் அடிக்கிறான். பேஜாரா கீது. அடுத்த வாரத்தோட நிறுத்திக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவன் விடப்போவது ஆட்டத்தை மட்டுமா? இருவரும் கடிதம் எழுதுகிற ஜாதியும் இல்லை, போனில் கொஞ்சுகிற ஜாதியும் இல்லை. இந்த ஆட்டம் போனால் அந்தச் சிநேகிதமும் போய்விடும்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு வெப்கேமரா. வெள்ளிக்கிழமைகளில் அது வளைகுடாவில் புருஷன் இருக்கிற பெண்களுக்கானது. வரிசை போட்டுக் காத்திருப்பார்கள். மறு வாரம் முதல் ஆளாக வந்திருந்த ரஷீதாவிடம் அரை மணி நேரம் கடன் கேட்டேன்.

"எம் மச்சான்கிட்ட பேசற நேரத்துல இவங்க பந்து வெளையாடணுமா?" என்று முறைத்தாள். ஆனாலும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கவும் வந்து நின்றாள்.

கேமராவை அன்புராஜைப் பார்த்த மாதிரி பொருத்தினேன். அங்கேயும் ஒரு கேமரா இருந்ததால் திரையில் அமீரின் முகம் தெரிந்தது, கொஞ்சம் கறுத்திருந்தான். ஆட்டம் தொடங்கியது. அன்புராஜின் இடது தோள் இறங்கியது. பந்து போனது. தடுத்தாயிற்று! வலது தோள். தடுத்தாயிற்று! ஐந்துக்கு ஐந்தும் தடுத்துவிட்டு, "மவனே, இன்னாடா நமுத்துப்போன மொளகா பஜ்ஜி மாதிரி உதைக்கிற!" என்று குவைத்திலிருந்து அவன் கத்தியதில் ஸ்பீக்கர் கரகரத்தது.

படுதோல்வி. அன்புராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "இவன்தான்க்கா எங்க அமீரு!" என்று ரஷீதாவின் கையைப் பிடித்துக் குலுக்கப் போய், சுதாரித்துக் கும்பிட்டான்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அமீருக்குக் கேட்காதபடி மைக்கைப் பொத்திக்கொண்டு, தோள் கதையைச் சொல்லிவிட்டேன்.

அன்புராஜ் தன் தோள்களை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டான். "இத்தினி வருசமாவா?" என்றான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனோ நாற்காலியைப் பின்னால் தள்ளி, கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்பினான்.

"டேய் அமீரு, இன்னொரு ஆட்டம். தோளு நல்லா தெரியுதா?"

இடது தோளை இறக்கினான். பந்தை வலப்பக்கம் அடித்தான். கோல்!

படம் உடனே போய்விட்டாலும், குவைத்திலிருந்து சத்தம் வர எப்போதும் இரண்டு நொடி பிடிக்கும். சென்டரே ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வந்தது:

"ரமீஸாக்கா! நீதானே சொன்ன?"