கண்ணாடிக்குள் ஒரு குதிரை

காதுக்கு மேலே கத்தரி நின்றுவிடுகிறது. நாற்காலியில் இருப்பவர் அசைவதில்லை; பழகியவர். முடிதிருத்துபவரின் கண் எதிரே உள்ள பெரிய கண்ணாடிக்குள் போய்விட்டது. அங்கே, வாடிக்கையாளரின் தலைக்கு மேல், பின்சுவரில் தொங்கும் சதுரங்கப் பலகை மிதக்கிறது. பவுடர் மூட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் குதிரை எதற்கோ காத்து நிற்கிறது.

"அதை ஏன் அங்க விட்டான்?" என்று முணுமுணுக்கிறார்.

"யாருங்க?"

"உங்களை இல்ல. தலையைக் குனிங்க."

பலகை இரும்புத் தகடு, காய்களில் காந்தம். சதுரங்க மன்றம் புதிது வாங்கியபோது பழையதை இவர் தலையில் கட்டிவிட்டது. பிளேடு வைக்கும் இழுப்பறையில் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு தாள்: ஏதோ பெரிய போட்டியில் இரண்டு கில்லாடிகள் ஆடிய ஆட்டம். ஒரு தலை முடிந்ததும் துண்டை உதறுவார், தாளைப் பார்ப்பார், பலகையில் ஒரு காயை நகர்த்துவார். அடுத்த தலை முடியும்வரை கண்ணாடியைப் பார்த்தபடி அந்த ஒரு காயையே அசைபோடுவார். வெறும் சவரத்துக்கு வருபவர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது, யோசிப்பதற்குள் முடிந்துவிடும்.

"நடு ஆட்டத்துக்கு வந்துட்டா என்னை அசைக்க முடியாது. வாசப்படியிலயே வழுக்கி விழுந்துடறேன்" என்பார். அதனால் அந்த ஆட்டத்தின் தொடக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஆடுகிறார். யார் ஜெயித்தார் என்று கேட்டால், "அந்தக் கவலை நமக்கெதுக்கு?"

ஆனால் இம்முறை வழுக்கக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும் மன்ற அணியில் ஓர் இடம்தான் மிச்சம். அதற்கு இவரும், பேருந்து ஓட்டும் இவர் மச்சானும் மோதுகிறார்கள். மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவருக்கு இடம். சென்ற ஞாயிறு முதல் ஆட்டம். வெள்ளைக் காய் இவருக்கு. தாளில் இருந்த அதே தொடக்கம் அமைந்தது. தூக்கத்தில் நடப்பவர்போலக் கை தானாகப் போயிற்று. எதிரியின் ராஜாமேல் பாய வேண்டிய வலக்கோடிச் சிப்பாயை விட்டு, இடக்கோடிச் சிப்பாயைத் தள்ளினார்.

"மாப்ளே, அங்க யாரும் குடியில்ல. ராஜா இந்தப் பக்கம்!" என்றார் மச்சான், ஹாரன் அடிப்பதுபோல. மன்றமே சிரித்தது. தோற்றார். நாளையும் தோற்றால் இடம் போயிற்று.

மனைவிதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். "எல்லாத்தையும் கண்ணாடியில பாத்தே படிச்சா வலது இடதாத்தானே மனசுல நிக்கும்? ஊர்ல அத்தனை பேர் வகிடும் கண்ணாடியப் பாத்துதானே எடுக்கறீங்க, அது தப்பினதில்லையே?"

"தலை நம்ம கையில இருக்கும்மா. ராஜா சுவத்துல இல்ல இருக்காரு?"

"அப்ப சுவத்தைத் திரும்பிப் பாக்கறது."

"கத்தரியோடயா? யார் காதாவது போயிடும்."

இன்று சனிக்கிழமை, கடைசித் தலை. கழுத்து முடியைத் தட்டிவிட்டு, பக்கவாட்டில் நின்று, பின்கழுத்தைக் காட்டக் கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கிறார். கை சற்றே சாய்கிறது. பெரிய கண்ணாடியில் மிதந்த பலகை இந்தச் சின்னக் கண்ணாடிக்குள் விழுந்து, இன்னொரு முறை புரண்டு, நேராக நிற்கிறது. வலது வலதாக. ராஜா தன் வீட்டில்.

"பின்னாடி சரியா இருக்கா?" வாய் வழக்கம்போலக் கேட்கிறது.

"என் கழுத்தே தெரியலையேங்க!"

அவர் கண்ணாடியை இறக்கவில்லை. சீப்பு பிடித்த வலக்கை மட்டும் மெல்ல உயர்ந்து, காற்றில், வலக்கோடியில், இல்லாத ஒரு சிப்பாயை முன்னே தள்ளுகிறது.