தாலாட்டு என்று எழுதிவைத்தேன்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. மாலையில் அங்கே தொட்டில் ஆடத் தொடங்கியதும் நான் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோயில் மணி ஓய்ந்த பிறகு தெருவில் கொஞ்சம் அமைதி வரும். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பெண் தாலாட்டுப் பாடுகிறாள். நல்ல குரல். அவள்மேல் குறை ஒன்றுமில்லை.

தாலாட்டும் ஒப்பாரியும் ஏறக்குறைய ஒரே மெட்டுதான் என்று கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். அடியின் முடிவில் குரலை எங்கே இறக்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு. அசட்டையாகக் கேட்பவருக்கு அதுவும் தெரியாது. அதை நம்பித்தான் ஒரு காரியம் செய்தேன். ஒரு பெண்ணின் வாய் மூடிப்போனது அதனால்தான். இதை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பின், ராஜபாளையத்தில் ஒரு சிறு பண்பலை வானொலியில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக இருந்தேன். பஞ்சு வியாபாரம் செய்த ஒரு முதலாளி ஆசைப்பட்டு ஆரம்பித்த நிலையம் அது. அவருக்குப் பாட்டில் பெரிய ஞானம் இல்லை. ஆனால் ஊரார் குரல் ஊராருக்குக் கேட்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். தெலுங்கு பேசும் வீடுகளின் கல்யாணப் பாட்டு, தேவாலயத்துப் பிள்ளைகள் மார்கழிக் குளிரில் வீடுவீடாகப் போய்ப் பாடுவது, மில் பெண்கள் பொங்கலுக்கு அடிக்கும் கும்மி, எல்லாவற்றையும் ஒலிப்பதிவுக் கருவியோடு போய்ப் பிடித்துவருவேன். சினிமாப் பாட்டும் உண்டு. ஆனால் அது இடைவெளியை நிரப்பத்தான்.

மாலையில் வீடுகளில் விளக்கு வைக்கும் முன்பு துக்கச் செய்தி வாசிப்போம். இன்ன ஊரில் இன்னார் காலமானார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் ஓர் ஒப்பாரி. கூலிக்கு வெளியூர் போனவர்கள் அதைக் கேட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

பல பேர் பாடியது இருந்தாலும் பெரும்பாலும் போட்டது ஒரு சோழபுரத்துக்காரியின் ஒப்பாரியைத்தான். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும், அவள் வந்து வாயெடுத்துப் பாடட்டும் என்று பெண்கள் காத்திருப்பார்கள். நான் அவள் வீட்டுக்குப் போய்க் கருவியை எடுத்து வைத்ததும் அவள் முகம் சுருங்கியது.

"வெளக்கு எரியுத வீட்டுக்குள்ள வச்சு இதப் பாடச் சொல்லுதியளே, வெளங்குமா சார்? படிச்சவிய தான நீங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கடைசியில் அவளே பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்கு வந்தாள். ஊருக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து உட்கார்ந்து, செத்துப்போன தன் தம்பிக்குப் பாடியதைப் பாடினாள். கண்ணே பொன்னே என்று பிள்ளையைக் கொஞ்சுவது போலத்தான் தொடங்கும். போகப் போகத்தான் அது யாருக்கு, எதற்கு என்று தெரியும். பாடி முடித்துப் பம்புசெட்டில் தலை முழுகிவிட்டு, ஈரச் சேலையோடு என்முன் வந்து நின்றாள்.

"ரெண்டு விசயம் சார். துட்டு ஒண்ணும் கேக்கல. நல்ல நாள் பொழுதுல, வெளக்கு வச்ச வீட்டுக்குள்ள இது போயிரக் கூடாது. சாவுச் சேதி சொன்ன பொறவுதான் போடணும்."

"சரிம்மா."

"இன்னொண்ணு. நான் போற அன்னிக்கு இதையே எனக்குப் போட்டுருங்க. எவளும் எனக்குப் பாட வேண்டாம். ஒருத்திக்கும் அடி எடுக்கத் தெரியாது. எனக்கு நானே பாடிக்கிடுதேன்."

துணைக்கு வந்தவள் சிரித்துவிட்டாள். "ஏட்டி, செத்தாலும் மைக்க விட மாட்டியா நீ?"

நானும் சிரித்தேன். இரண்டுக்கும் சத்தியம் செய்தேன்.

சில ஆண்டுகள் அப்படியே நடந்தது. பிறகு முதலாளி இறந்தார். அவருடைய பிள்ளைகளுக்கு வானொலி பாரமாக இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். பல ஊர்களில் நிலையம் வைத்திருந்த கம்பெனி அது. எல்லா ஊருக்கும் ஒரே பாட்டு வரிசை. அதை விளக்கிச் சொல்ல ஒரு பெண் அதிகாரி வந்தார். மரியாதையான பெண். என் ஒலிப்பதிவுகளைப் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாயிருக்கு சார். மணிக்கு ஒரு தடவை, விளம்பரத்துக்கு நடுவுல லோக்கல் டச்சா ஒண்ணு போகட்டும். சிஸ்டமே எடுத்துக்கும். ஒவ்வொண்ணும் என்ன வகைன்னு நீங்க போட்டுடுங்க."

திரையில் வகைகள் இருந்தன. பக்தி, காதல், குத்து, கும்மி, தாலாட்டு. நான் தேடிப் பார்த்துவிட்டு, "துக்கம்னு ஒண்ணு இல்லையே?" என்றேன்.

"துக்கம் வேண்டாம் சார். யாரோ செத்துட்டாங்கன்னு கேட்டா ரேடியோவை மாத்திடுவாங்க. அந்தச் செய்தியையும் நிறுத்திடலாம். சாவு சம்பந்தப்பட்டதை எல்லாம் அழிச்சிடுங்க."

அவர் சொன்னது வியாபாரக் கணக்கு. நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த ஒலிப்பதிவை ஒரு பிரதி எடுத்து அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பாட்டுக்கு முன்னால் 'ஒலிப்பதிவு செய்தவர்' என்று என் பெயர் வரும். நான் பிடித்ததிலேயே ஆகச் சிறந்தது அது. நிலையத்தில் அது இருக்கும்வரை நானும் அங்கே இருப்பேன் என்று ஒரு நப்பாசை. அதனால் மற்ற ஒப்பாரிகளை அழித்துவிட்டு, அதை மட்டும் தாலாட்டு என்று எழுதிவைத்தேன். சென்னையில் யாராவது கேட்டாலும் கண்ணே பொன்னே என்றுதான் காதில் விழும். தாலாட்டை எந்த இயந்திரமும் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்தானே போடும் என்றும் நினைத்துக்கொண்டேன். இயந்திரத்துக்குப் பிள்ளைகள் தூங்கும் நேரம் எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டுநர் எங்கள் வானொலியைத்தான் வைத்திருந்தார். ஒரு நகைக்கடை விளம்பரம் முடிந்தது. உடனே அவள் குரல் எழுந்தது.

முதல் அடிகளை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். "வெள்ளிக்கெழம காலையில இது என்ன எழவு? நாசமாப் போவானுவ."

நடத்துநர் முன்பக்கம் பார்த்துக் கேட்டார். "அண்ணே, யாரு செத்தா?"

"ரேடியோக்காரன்தாம்ல செத்தான்" என்று ஓட்டுநர் பெட்டியை நிறுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி குனிந்திருந்தேன்.

அதே நேரம் சோழபுரத்தில் அவள் வீட்டில் மகளுக்கு நிச்சயம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருப்பவன், லீவில் வந்திருந்தான். வாசலில் கோலம், நடுவீட்டில் குத்துவிளக்கு, தாம்பாளத்தில் பூவும் பழமும். கலகலப்பாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் எங்கள் வானொலியை வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் எப்போதும் எங்கள் வானொலிதான். பெண்ணுக்குப் பூ வைக்க மாப்பிள்ளையின் தாயார் கையை எடுத்தபோது, பெண்ணைப் பெற்றவளின் குரலிலேயே பெட்டியிலிருந்து ஒப்பாரி வந்திருக்கிறது. அவள் அந்த அம்மாளுக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அவன் லீவு முடிந்து போனான். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

மறுநாள் அவள் நிலையத்துக்கு வந்தாள். சண்டைக்கு வருவாள் என்று பயந்திருந்தேன். அவளோ படியிலேயே நின்றாள்.

"சார், நான் பாடுனது என் வீட்டுக்குள்ளயே வந்துருச்சே."

"மிஷின் தப்பும்மா. இப்ப எல்லாம் மிஷின்தான் போடுது."

"எம்புட்டுப் பாட்டு கெடக்கு ஒங்க மிசினுக்குள்ள? அதுல இதப் பாத்தா எடுக்கும்? எம் பிள்ளைக்குப் பூ வைக்கிற நேரத்துலயா?"

நான் மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"மிசினுமேல என்ன இருக்கு சார்? எம் வாயி அப்பிடி. எத்தன எழவு வீட்டுல தொறந்த வாயி" என்றாள். "வாரேன் சார்" என்று படியிறங்கினாள்.

அப்போது கூப்பிட்டிருக்க வேண்டும். உன் வாயில் ஒன்றுமில்லை, தாலாட்டு என்று எழுதியது என் கைதான் என்று சொல்ல அதிக நேரம் ஆகியிருக்காது. மாப்பிள்ளை வீட்டுக்கும் போய் அதையே சொல்லியிருக்கலாம். நான் மாடிக்குப் போய் அந்த ஒலிப்பதிவைக் கணினியிலிருந்து அழித்தேன். எனக்கென்று எடுத்துப் பையில் வைத்திருந்த பிரதியையும் அழித்தேன். யாராவது கேட்டுப் பார்த்து, இதற்கு யார் தாலாட்டு என்று போட்டது என்று விசாரிப்பார்களே என்ற பயம்தான். வேறொன்றுமில்லை.

சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது. அந்தப் பெண் அதிகாரிதான். "ஒரு கம்ப்ளைண்ட் வந்திருக்கு சார். என்ன ஆச்சு?"

"சிஸ்டம் எதையோ மாத்தி எடுத்துருச்சு."

"அப்போ லோக்கல் ஃபைல் எல்லாமே ரிஸ்க்தான் சார். மொத்தமா நிறுத்திடலாம்."

என் ஒரு பொய்யால் கும்மி போயிற்று. தெலுங்குக் கல்யாணப் பாட்டு போயிற்று. தேவாலயத்துப் பிள்ளைகளும் போனார்கள். கொஞ்ச நாளில் என்னையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது அந்தக் கட்டிடத்தில் ஒலிபரப்புக் கோபுரமும் ஒரு காவல்காரரும்தான். பாட்டு சென்னையிலிருந்து வருகிறது. டீக்கடை ரேடியோவில் கேட்டால் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது. உண்மையில் அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இனி அவள் குரல் வராது அல்லவா? ஆனால் வந்தது. ரேடியோ இல்லாத இடத்தில் வந்தது. தொட்டில் ஆடும் வீடுகளில் வந்தது. குழாயில் தண்ணீர் வருமுன் காற்று இழுக்கும் சத்தத்தில்கூட அவள் முதல் அடியை எடுப்பதுபோல் இருக்கும்.

போன ஆவணியில் ஒரு நாள் கைப்பேசி ஒலித்தது. அவள் மகள்.

"சார், அம்மா போயிட்டாவ. சாயந்தரம் எடுக்கோம். அந்தப் பாட்டக் கொண்டுட்டு வாங்க. ரேடியோ சாருட்ட இருக்கு, கேட்டு வாங்கிப் போடுங்கன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாவ."

பஸ்ஸில் போகும்போது என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். கணினியை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். கம்பெனி கொண்டுபோய்விட்டது என்று சொல்லலாம். கேட்டால் நம்புவார்கள்.

அவள் வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல்மேல் ஸ்பீக்கர் பெட்டி தயாராக இருந்தது. மகள் கையில் வயரோடு எனக்காக நின்றிருந்தாள். அவளுக்குக் காலம் தாழ்ந்து வேறிடத்தில் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாயெடுக்கவில்லை. இறந்தவளின் குரலுக்காகக் காத்திருந்தார்கள், முன்பு காத்திருந்ததுபோலவே.

அந்த வயரைப் பார்த்த பிறகு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. மகளை ஓரமாக அழைத்து, "பாட்டு இல்லம்மா. நான் அழிச்சுட்டேன்" என்றேன். தாலாட்டு என்று எழுதிவைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கேட்டு முடித்தாள். "அப்ப மிசினு இல்லியா?"

"இல்லம்மா. நான்தான்."

"இத அம்மாட்ட ஒரு தடவ வந்து சொல்லிருக்கலாம்லா சார்?"

அவளே மேலே சொன்னாள்.

"அதுக்குப் பொறவு ஒரு சாவு வீட்டுக்கும் போகல அவிய. எங்கப்பா செத்த அன்னிக்கும் வாயில முந்தானைய வச்சு அமுக்கிக்கிட்டுக் கெடந்தாவ. எம் புள்ளையத் தொட்டியில போட்டா ஆட்டுவாவ, பாட மாட்டாவ. என்னையும் பாட விடல. நம்ம வாயி வேண்டாம்ட்டி, வாயி வேண்டாம்ட்டின்னு."

"வார்த்தையெல்லாம் எனக்கு மனப்பாடம். வேணும்னா எழுதித் தாரேன்" என்றேன். எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது.

"வார்த்த எங்களுக்கும் தெரியும் சார். சத்தந்தான் இல்ல."

அவள் வயரைச் சுருட்டிப் பெட்டிமேல் வைத்தாள். பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். கண்மாய்க் கரைக்குத் துணை வந்து அன்று சிரித்தவள்தான். பாட்டு இல்லை என்று மகள் தலையசைத்ததும் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டில் குழந்தை அழுதது. சாவு வீட்டில் வேண்டாம் என்று தொட்டிலை அங்கே கட்டியிருந்தார்கள். மகள் போய் ஆட்டத் தொடங்கினாள். குழந்தை அடங்கவில்லை. அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. குரல் வரவில்லை. பாடை தூக்குகிறவர்கள் வந்து கூப்பிடும்வரை அவள் அப்படியே ஆட்டிக்கொண்டிருந்தாள். உத்தரத்தில் கயிறு தேயும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.